18 வயதுக்குப் பிறகு தம்பி எங்கே இருப்பான்? இங்கிலாந்தில் எங்கள் முன் இருந்த ஐந்து வழிகள்

தம்பிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றும் முன் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். தமிழில் எண்ண வேண்டும். பத்து என்றதும் அவனே கண்ணை மூடிக்கொள்வான், அப்புறம் குளிப்பாட்டுவது சுலபம். எண்ணாமல் ஊற்றினால் கத்துவான், தன் கையையே கடிப்பான், அன்று முழுக்க வீடு வீடாக இருக்காது.

தம்பி ஊனமுள்ளவன், அன்றாடக் காரியங்களுக்கு மற்றவர் துணை வேண்டும். அவனுக்கு 17 வயது நடந்தபோது, பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்புக்கு அவனை மாற்றுவது பற்றிப் பேச சோஷியல் வர்க்கர் வீட்டுக்கு வந்தார். காலையில் குளிப்பாட்ட உதவி வேண்டுமா என்று கேட்டார். அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துக்கொண்டே, "அதெல்லாம் நாங்கள் பாப்பம்" என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில் குளியல், உடை, சாப்பாடு, இரவு எல்லாவற்றுக்கும் நேரே ஒரே வரி இருந்தது: குடும்பம் கவனித்துக்கொள்கிறது.

அந்த வரியைத் திருத்த எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம், மதிப்பீட்டு அறிக்கையில் உதவிக்கான மணிநேரம் இல்லாவிட்டால் கீழே நான் எழுதப்போகும் எந்த வழியும் உங்கள் கைக்கு வராது. 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் என்ற பராமரிப்புச் சட்டத்தின் படி, பிள்ளைக்கு என்ன தேவை என்பதை முதலில் முழுதாக எழுத வேண்டும். வீட்டில் இப்போது யார் செய்கிறார்கள் என்பதை அந்த இடத்தில் கணக்கில் எடுக்கக் கூடாது. பெற்றோரால் முடிந்து, அவர்கள் மனமொப்பிச் செய்வதை அதற்குப் பிறகுதான் கழிக்கலாம். அம்மாவுக்கு அன்று ஒரு கேள்விதான் காதில் விழுந்தது: நீங்கள் நல்ல தாயா? அதற்குத்தான் அவர் பதில் சொன்னார். உங்கள் வீட்டுக் கூட்டத்தில் "நாங்கள் பாப்பம்" என்று வாய்வரை வந்தால், "இப்போது நாங்கள் செய்கிறோம், இவ்வளவு நேரம் பிடிக்கிறது, தொடர்ந்து செய்ய முடியாது" என்று முழுதாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 13 வயதிலிருந்து அந்த வேலையைச் செய்தவள் நான். அம்மா சொன்னதைத் திருத்திச் சொல்லும் துணிவு எனக்கு 25 வயதிலும் வரவில்லை.

சரி, 18 வயதில் என்னதான் மாறுகிறது? உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலில் அவன் கோப்பு வேறு குழுவுக்குப் போகிறது. சிறுவர் பிரிவு குடும்பத்தை முழுதாகப் பார்த்தது. பெரியவர் பிரிவு அவனைத் தனியாளாகப் பார்க்கும். சாப்பிடுவது, உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பது, உடுப்பது, வீட்டில் பத்திரமாக இருப்பது, உறவுகளைப் பேணுவது என்று சட்ட விதிகள் பத்து விஷயங்களைச் சொல்கின்றன. ஊனத்தாலோ நோயாலோ அவற்றில் குறைந்தது இரண்டு அவனால் முடியாமல் இருந்து, அதனால் அவன் நல்வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால், அவனுக்கு உதவ வேண்டியது கவுன்சிலின் கடமை. இந்த மதிப்பீட்டை 18 ஆகும்வரை காத்திருந்து செய்ய வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கணிசமான பயன் இருக்கும் காலத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். பிள்ளையின் சார்பில் நீங்களே எழுதிக் கேட்கலாம். இஎச்சிபி என்ற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் பிள்ளைக்கு இருந்தால், பள்ளியில் 9-ஆம் வகுப்பு மீளாய்விலிருந்தே பெரியவனாவதற்கான தயாரிப்பு பற்றிப் பேச வேண்டும். 18 பிறந்தும் மதிப்பீடு முடியாவிட்டால், முடிவு வரும்வரை சிறுவர் பிரிவின் உதவி தொடர வேண்டும். எங்களுக்கு அதை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தது. கேர் ஆக்டைச் சுட்டிக்காட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம், தொடர்ந்தது.

இன்னொன்று. 18 ஆனதும் அவனுக்காக முடிவெடுக்கும் உரிமை அம்மாவுக்குத் தானாக வருவதில்லை. "நெக்ஸ்ட் ஆஃப் கின்" (நெருங்கிய உறவினர்) என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அந்த வலு இல்லை. முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005-ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி ஆக்ட் படி, ஒரு குறிப்பிட்ட முடிவை அவனால் எடுக்க முடியாது என்று தெரிந்தால், அவன் நலனுக்கு உகந்ததை எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அதில் குடும்பத்தையும் கலந்து பேச வேண்டும். அரசு உதவித்தொகையைக் கையாள அம்மா அப்பாயின்டீயாக, அதாவது அவன் சார்பில் பொறுப்பாளராக, பதிவு செய்தார், அதற்குச் செலவில்லை. ஆனால் அவன் பெயரில் இருந்த சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் என்ற பிள்ளைகளுக்கான சேமிப்புக் கணக்கின் பணத்தை அப்பாயின்டீயால் எடுக்க முடியாது, அதற்கு கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் என்ற, தாமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கான நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2002 செப்டம்பருக்கும் 2011 சனவரித் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்த பிள்ளை என்றால் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள்.

இனி வழிகளுக்கு வருகிறேன். நான் ஒப்பிட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் அழகு, தோட்டம், சுவரில் படம் எல்லாம் பார்த்து முதலில் ஏமாந்தோம். பிறகு ஒவ்வொரு வழியிலும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: காலை ஏழு மணிக்கு அவனைக் குளிப்பாட்ட வரும் ஆளை யார் தேர்ந்தெடுப்பது, சரிவராவிட்டால் யார் மாற்றுவது?

வீட்டிலேயே இருந்து, கவுன்சில் ஏற்பாடு செய்யும் ஏஜென்சி ஆட்கள் வருவது முதல் வழி. குடும்பத்துக்குக் காகித வேலை எதுவும் இல்லை. ஆள் வராவிட்டால் வேறு ஆள் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. வயதானவர்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். எங்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் ஏழு முகங்கள் வந்தன. மூன்றாம் நாள் வந்தவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, எண்ணாமல் ஊற்றிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் பத்து எண்ண வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. ஆனால் பழகிய முகமும் பழகிய வரிசையும் தேவைப்படும் பிள்ளைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, அதே வீடு, ஆனால் டைரக்ட் பேமென்ட். கவுன்சில் பணத்தைத் தரும், பர்சனல் அசிஸ்டன்ட் என்ற உதவியாளரை நாமே தேடி வேலைக்கு வைக்க வேண்டும். என் கேள்விக்கு இங்கேதான் முழுப் பதில் கிடைத்தது: தேர்ந்தெடுப்பதும் நாம், மாற்றுவதும் நாம். சிறுவர் பிரிவில் டைரக்ட் பேமென்ட் வாங்கியவர்கள் அது அப்படியே தொடரும் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது அது பெற்றோருக்கு வந்தது. 18-க்குப் பிறகு அது அவனுடைய பணம். அவனால் கேட்டுப் பெற முடியாத நிலையில், அவன் சார்பில் பொறுப்பேற்க ஒருவரைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

சுமையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாம் முதலாளி ஆகிவிடுகிறோம். சம்பளக் கணக்கு, விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியப் பதிவு, கட்டாயமான முதலாளிப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் வரும். இவற்றுக்கான செலவு வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். சம்பளக் கணக்கை ஒரு பேரோல் நிறுவனத்திடம் கொடுத்தால் பாதி பாரம் இறங்கிவிடும். ஆள் நோயில் விழுந்த காலையில் அம்மாதான் மாற்று ஆள், வேறு வழியே இல்லை. முதலாளியாக வேண்டாம், ஆளைத் தேர்வதில் மட்டும் நம் சொல் செல்ல வேண்டும் என்றால், ஒரு பராமரிப்பு நிறுவனம் பணத்தை வைத்து நம் விருப்பப்படி செலவழிக்கும் இன்டிவிஜுவல் சர்வீஸ் ஃபண்ட் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உறவினருக்கு அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கலாமா என்பதுதான் நம் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்குப் பொதுவாகக் கூடாது. தவிர்க்க முடியாத தேவை என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் மட்டும் உண்டு. வேறு வீட்டில் இருக்கும் மாமிக்கோ சித்தப்பாவுக்கோ கொடுக்கலாம். நான் தனியாகத்தான் இருக்கிறேன், அதனால் நானே அந்த வேலையை எடுத்திருக்கலாம். வேண்டாம் என்றேன். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவனைக் குளிப்பாட்டினால், ஞாயிற்றுக்கிழமை அவனோடு சும்மா பேருந்தில் மேல்தளத்து முன் இருக்கையில் உட்கார்ந்து சுற்றுவதற்கு எனக்கு உடம்பில் தெம்பு இருக்காது. அவனுக்கு ஒரு அக்கா வேண்டும்.

ஷேர்ட் லைவ்ஸ் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பெற்றோர் குழுவில் தற்செயலாகக் காதில் விழுந்தது. பயிற்சி பெற்று அங்கீகாரம் பெற்ற ஒருவர் அல்லது ஒரு குடும்பம் தங்கள் சொந்த வீட்டிலேயே இவனை வைத்துப் பார்ப்பது இது. முழு நேரமாகவும் இருக்கலாம், மாதத்தில் சில இரவுகள் மட்டும் தங்கலாம், பகலில் போய்வரவும் செய்யலாம். இந்தத் திட்டங்களை, பராமரிப்புச் சேவைகளை ஆய்வு செய்யும் அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷன் (சிக்யூசி) கண்காணிக்கிறது. முக்கியமானது பொருத்தம் பார்ப்பது. முதலில் தேத்தண்ணிக்கு ஒரு சந்திப்பு, பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று மெல்ல மெல்லப் போவார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்லலாம்.

அம்மாவுக்கு இதுதான் ஜீரணிக்கக் கடினமாக இருந்தது. கேர் ஹோம் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி என்று மனதைத் தேற்றலாம். இன்னொரு வீட்டில், இன்னொரு பெண் சமைத்துப் போட்டு வளர்ப்பதை எப்படித் தாங்குவது? அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும், அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு ஒரு குடும்பச் சாப்பாட்டு மேசை கிடைக்கக்கூடிய வழி, நான் பார்த்தவற்றில் இது ஒன்றுதான். ஒரே ஆளை நம்பியிருப்பதுதான் இதன் பலவீனம். அவர்கள் வீடு மாறினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ இவன் மறுபடி இடம் பெயர வேண்டும். இரவில் பலமுறை எழுந்து கவனிக்க வேண்டிய பிள்ளைக்கும், கோபத்தில் பொருட்களை உடைக்கும் பிள்ளைக்கும் பொருத்தமான வீடு கிடைப்பது அரிது. நம் சமூகத்திலிருந்து இதற்கு முன்வரும் வீடுகள் இருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு மொழியும் சோறும் சேர்ந்தே கிடைக்கும்!

சப்போர்ட்டட் லிவிங் என்பதைப் பலர் கேர் ஹோமோடு குழப்பிக்கொள்கிறார்கள். நானும் குழம்பினேன். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: நான்கு அறை, பொதுச் சமையலறை, மாறி மாறி வரும் ஊழியர்கள். உள்ளே அடிப்படையே வேறு. சப்போர்ட்டட் லிவிங்கில் அவன் வாடகைக்குக் குடியிருப்பவன், அறைச் சாவி அவனுடையது, வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். வீட்டுக்காரர் ஒருவர், பராமரிப்பு தருபவர் வேறொருவர் என்று பிரிந்திருந்தால், பராமரிப்பு சரியில்லாதபோது நிறுவனத்தை மாற்றலாம், வீடு போகாது. கேர் ஹோமில் வீடும் பராமரிப்பும் ஒரே கையில். அவர்கள் "இவனைச் சமாளிக்க முடியவில்லை" என்றால், படுக்கையையும் சேர்த்துத்தான் இழக்கிறோம். ஆகவே போய்ப் பார்க்கும்போது வீட்டுக்காரரும் பராமரிப்பவரும் ஒரே நிறுவனமா என்பதை முதலில் கேளுங்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: கேர் ஹோம் என்றால் சிக்யூசி அந்த இடத்தையே ஆய்வு செய்து அறிக்கை எழுதும், சப்போர்ட்டட் லிவிங்கில் உடல் பராமரிப்புச் சேவையைத்தான் பார்க்கும், கட்டடம் அதன் கண்ணில் இல்லை.

அப்புறம் மணிநேரக் கணக்கு. எல்லாருக்கும் பொதுவான நேரம் எவ்வளவு, அவனுக்கு மட்டும் தனியாக ஓர் ஊழியர் இருக்கும் நேரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரவு ஆள் விழித்திருப்பாரா, தூங்குவாரா? ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தோம். மூன்று இளைஞர்கள் ஒரே டிவி முன்னால், மூவரும் அப்போதே இரவு உடையில். ஊழியர் மாறும் நேரத்துக்கு முன் உடை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்களே சொன்னார்கள். 20 வயதுப் பையன்கள். அம்மா வெளியே வந்து காரில் ஏறும்வரை பேசவில்லை. வேறொரு வீட்டில், அதே நேரத்தில், ஒருவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் நின்ற ஊழியர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். இரண்டுக்கும் விளம்பரத் தாளில் ஒரே வாசகங்கள்தான். ஆகவே மாலையில் போங்கள், முடிந்தால் சொல்லாமல் இன்னொரு முறையும் போங்கள்.

கேர் ஹோம் எங்களுக்குத் தேவைப்படவில்லை, அதனால் நீட்ட மாட்டேன். இரவும் பகலும் தாதியர் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு அதுவே சரியாக இருக்கலாம். அப்படிப்பட்ட மருத்துவத் தேவை இருந்தால், அதற்கு முன்பே, அரசு சுகாதார சேவையான என்எச்எஸ் செய்யும் கன்டினியூயிங் ஹெல்த்கேர் மதிப்பீட்டைக் கேளுங்கள். 16 வயதில் பரிந்துரை, 17 வயது ஆனதும் கூடிய விரைவில் கொள்கை அளவில் முடிவு என்பது தேசிய வழிகாட்டி சொல்லும் கால அட்டவணை. அது கிடைத்தால் பராமரிப்புச் செலவை என்எச்எஸ் ஏற்கும், வருமானக் கணக்கு கேட்கமாட்டார்கள். கேர் ஹோம் என்றதும் பெற்றோருக்கு வரும் பயத்தை நான் குறைத்துப் பேசவும் மாட்டேன். பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011-இல் பிபிசி படம்பிடித்துக் காட்டியது. வீட்டிலிருந்து தொலைவு கூடக் கூட, எதிர்பாராமல் எட்டிப் பார்க்கும் உறவினர் குறைவார்கள். இடத்தைத் தேர்வதில் அரை மணி நேரத் தொலைவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மிக அதிகம்.

பணம். இதில் ஒரு நல்ல செய்தி, பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவனுடைய வருமானமும் சேமிப்பும் மட்டும்தான். அவன் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவனுடையது. ஆகவே தாத்தா பாட்டி ஆசையாக அவன் பெயரில் பணம் எழுதிவைக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் டிரஸ்ட் பற்றிக் கேட்கட்டும். வீட்டிலோ சப்போர்ட்டட் லிவிங்கிலோ இருந்தால், குறைந்தபட்ச வருமானம் என்று ஒரு தொகையை அவனிடம் விட்டுவிட்டு மிச்சத்திலிருந்துதான் கட்டணம் கேட்கலாம். ஊனத்தால் வரும் கூடுதல் செலவுகளைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்: அடிக்கடி துவைப்பது, கிழிந்த உடைகள், தனிப்பட்ட சாப்பாடு. பில்லை எடுத்து வையுங்கள். 2020-இல் நார்ஃபோக் கவுண்டி கவுன்சிலின் கட்டண முறை கடும் ஊனமுற்றவர்களைப் பாகுபடுத்துகிறது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வந்த பில்லைக் கேள்வி கேட்கலாம் என்ற தைரியம் எனக்கு அதைப் படித்த பிறகுதான் வந்தது.

கவுன்சில் பணத்தில் கேர் ஹோமில் இருந்தால், ஊனமுற்றவர்களுக்கான பிப் உதவித்தொகையின் அன்றாட வாழ்வுப் பகுதி 28 நாட்களுக்குப் பிறகு நிற்கும், நடமாட்டப் பகுதி தொடரும். சப்போர்ட்டட் லிவிங்கில் இரண்டும் தொடரும், வாடகைக்குப் பெரும்பாலும் ஹவுசிங் பெனிஃபிட் வரும். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: அவன் வீட்டை விட்டுப் போனால், வாரம் 35 மணிநேரம் கவனிக்கிறார் என்பதற்காக அம்மாவுக்கு வரும் கேரர்ஸ் அலவன்ஸும் நின்றுவிடும். வீட்டு வாடகையே அதை நம்பி இருக்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கணக்குப் போட்டுப் பேசுங்கள், கவனிப்பவரான தாய்க்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் கேரர் மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இது. இப்போதைக்கு வீடு, டைரக்ட் பேமென்ட். கல்லூரி வாரம் மூன்று நாள்தான் என்பதால் மற்ற இரண்டு பகலும், எல்லாக் காலைகளும் பர்சனல் அசிஸ்டன்ட். மாதத்தில் இரண்டு இரவு ஷேர்ட் லைவ்ஸ் வீடு. சப்போர்ட்டட் லிவிங் தேவைப்படும் என்று அவனுடைய திட்டத்தில் எழுத வைத்தோம், அவனுக்கு 23 வயது ஆகும்போது என்று குறித்து. அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. அவர் படுத்த படுக்கையான பிறகு இடம் தேடினால், வெள்ளிக்கிழமை மாலை காலியாக இருக்கும் ஏதோ ஓர் அறைக்கு, தெரியாத ஊருக்குத்தான் தம்பி போவான். அம்மா நடமாடும்போதே போனால், புது வீட்டின் சமையலறையில் நின்று, அவனுக்கு எது பிடிக்கும் என்று அவரே சொல்லிக் கொடுக்கலாம். 23 என்று நாங்கள் போட்டது அதற்காக.

காலையில் வரும் இருவரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. குளியலறைச் சுவரில் ஆங்கில எழுத்தில் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று பத்து வரை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினோம். முதல் வாரம் அவர் ஆறையும் ஏழையும் மாற்றிச் சொல்ல, தம்பி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம், சரியாகச் சொல்லும்வரை. போன மாதம் ஷேர்ட் லைவ்ஸ் வீட்டில் முதல் இரவு. அம்மா அவன் பையில் துவாய்க்கு அடியில் அந்தத் தாளின் இன்னொரு பிரதியை வைத்தார். மறுநாள் அவனைக் கூட்டிவரப் போனபோது, குளியலறைக் கதவு திறந்திருந்தது. அது அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது.